வரி முடிவையும் தின்றுவிட்டது

காலை ஒன்பதுக்கு ஆத்தங்குடியிலிருந்து
ஜெய்னம்பு அனுப்பும் ஆர்டர் பட்டியல் வரும்.

240 சிவப்பு    தாமரை உமையாள்
96   பச்சை ஓரக்கல்  வள்ளியம்மை

எண்ணுக்குப் பிறகு ஒருநாள் ஒற்றை வெற்றிடம், ஒருநாள் நான்கு,
நடுவில் எங்கோ ஒரு டேப்.
என் கட்டைவிரல் பெரிசு, நான் என்ன பண்ண, என்பாள்.

காரைக்குடியில், செக்காலை ரோட்டு மாடியறையில்,
அவள் பட்டியலைப் பிரிக்கும் நிரலைத்
துண்டு துண்டாய் எழுதிக் கோர்க்கிறேன்.
எண்ணைப் படிக்க ஒரு சார்பு, நிறத்துக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று.
இதற்குப் பின் அது.
அது இல்லையென்றால் இது.

யார் வெற்றிடத்தைத் தின்பது என்பதில்தான் முதல் வாரம் போயிற்று.
முன்னாலும் பின்னாலும் தின்னவிட்டேன்.
நிறத்தைத் தேடிப் போன சார்பு
நிறமே இல்லாத இடத்தில் வெற்றிடத்தை மட்டும் மென்றுவிட்டு
இல்லை என்று கைவிரித்தது,
வாயில் போட்டதைத் திருப்பித் தராமல்.
அடுத்த முறைக்குக் காத்து நின்றதை
யாரும் கூப்பிடவே இல்லை.

அதனால் இப்போது ஒரே வழக்கம்:
ஒவ்வொரு சொல்லும் தன் பின்னால் கிடப்பதைத் தின்னும்.
முன்னால் கிடப்பது முந்தினவன் பாடு.
தளக்கல்லின் இடுக்கு மாதிரி என்று சொல்லிவிடலாம்தான்.
ஆனால் அங்கே இடுக்கில் பால் சிமெண்ட் ஊற்றுகிறார்கள்,
நான் எதையும் ஊற்றுவதில்லை.

பூப் போடாத வெறும் கல்லுக்கு ‘கல்’ என்றிருக்கும்.
60 வெள்ளை கல்யாணி என்று ஒருநாள் வந்தது.
என் நிரல் கல்லை எடுத்துக்கொண்டு
யாணி என்ற பெயருக்கு ரசீது போட்டது.
சரி, ‘கல்’லுக்குப் பிறகு எழுத்து வரக் கூடாது என்று
காவல் வைத்தேன். கல்யாணி பிழைத்தாள்.
ஆனால் பெயரைப் படிக்கும் சார்பில்
வள்ளியம்மை ‘வள’ என்று நின்றுபோனாள்.
எழுத்து எது என்று நூலகத்தைக் கேட்டிருந்தேன்.
புள்ளி எழுத்தில்லையாம்,
காலும் கொம்பும் எழுத்தில்லையாம்.
தமிழே தெரியாத ஒருவனிடம்
பெயரை உரக்கச் சொல்லச் சொன்னது என் தவறு.

பிறகு போன வியாழக்கிழமை.
பட்டியலில் ஒரு வெற்று வரி என்றால்
ஒரு லாரி கிளம்பியாயிற்று என்று அர்த்தம்.
ஜெய்னம்பு அதை எனக்குச் சொன்னதில்லை,
அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.
என் நிரலுக்கு வரி முடிவும் வெற்றிடம்.
லாரியைத் தின்றுவிட்டது.

பள்ளத்தூர் குளியலறைப் பச்சை
தேவகோட்டை மண்டபத்தில் இறங்கியது.
சாத்தப்பன் போனில் கத்தவில்லை, மெதுவாகக் கேட்டார்:
ரெண்டு வண்டிச் சரக்கு ஒரே வண்டியில.
அச்சு முறிஞ்சா உங்க கம்ப்யூட்டர் வந்து தள்ளுமாம்மா?

அன்றிரவு பிரித்து வைத்தேன்.
வெற்றிடமும் டேப்பும் தின்னலாம்.
வரி முடிவைத் தொடாதே,
அதுவும் ஒரு சொல்.

இன்று காலை இன்னொன்று.
இரண்டாம் வரி, முதல் எழுத்து:
நிறம் எதிர்பார்த்தேன், 240 வந்தது.
மேலே பார்த்தால், 786.
யாருமே கேட்காத எழுநூற்று எண்பத்தாறு கல்.
சாத்தப்பன் தட்டச்சிடும் நாளில் அதே இடத்தில் ‘உ’ இருக்கும்,
அதையும் ஒருநாள் உமையாளின் முதலெழுத்தாக்கியிருந்தேன்.

முதல் சொல்லுக்கு முந்தினவன் என்று எவனும் இல்லை.
அங்கே கிடப்பதை ஒரே ஒருமுறை
நான்தான் கடக்க வேண்டும்.
உ, அல்லது 786, அல்லது ஒன்றுமில்லை.
சார்புக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

ஜெய்னம்புவிடம் சொன்னேன்.
அதைக்கூடவா படிக்குது உன் மிஷின் என்றாள்.
படிக்கிறது. கணக்கில் சேர்ப்பதில்லை.
அது போதும் என்று வைத்துவிட்டாள்.

பச்சைக் கல் தொண்ணூற்றாறும்
இன்னும் தேவகோட்டையில்தான் கிடக்கிறது.