கொம்பு கழன்ற வண்டி

காரை நவம்பரில் விற்றோம்.
அந்தப் பணம் குளிர்காலக் கட்டணமாகிச்
சுவரோரக் குழாய்களில் வெந்நீராக ஓடியது.
ஆகவே வீடு கதகதப்பாக இருந்தது.
பிப்ரவரி விடியலில்
அதைவிட்டு இறங்கத்தான் மனம் வரவில்லை.

"வலிக்கு வலி எத்தனை நிமிடம்?"
தொலைபேசியில் ஒரு பெண்.
எட்டு என்றேன்.
"எட்டா? அப்படியானால் நீங்களே வந்துவிடலாமே."
பால் வாங்கிவரச் சொல்வதுபோல் இருந்தது.
உல்டிஸ் டாக்சிக்குச் செயலியைத் திறந்தான்.
பனி கொட்டினால் விலையும் ஏறுமாம்.
அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

முதல் டிராலிபஸ் ஐந்து பத்துக்கு.
மூன்று விளக்குக் கம்பங்களைத் தாண்டிவிட்டேன்,
நான்காவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.
உறைந்த இரும்பில் கன்னம் ஒட்டிக்கொள்ளும் என்று
அவன் தன் குல்லாயை இடையில் செருகினான்.
இரவுப்பணியின் ரொட்டிமணம்
அதில் இன்னும் இருந்தது.

வண்டியில் எங்களைத் தவிர ஒரே ஒருவர்.
டௌகவா உறைந்துகிடக்கும் நாட்களில்
பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிக்கப் போகிறவர்.
கையில் இடுப்புயரத் துளைக்கருவி,
காலடியில் உட்கார ஒரு தகரப்பெட்டி.
என்னைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலையே பார்த்தார்.

பாலத்தின் வளைவில்
தலைக்குமேல் படார் என்றது.
ஒரு நொடி பச்சை நெருப்பு.
கொம்பு இரண்டும் கம்பியைவிட்டுக் கழன்று
வெற்றுவெளியைத் துழாவின.
விளக்கு போயிற்று, சூடு போயிற்று,
தான் ஒரு வண்டி என்பதையே மறந்து நின்றது வண்டி.

ஓட்டுநர் கையுறையை மாட்டியபடி
யாரையோ திட்டிக்கொண்டு இறங்கினாள்.
(வலெந்தீனா. பெயரைப் பிறகுதான் கேட்டோம்.)
பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து,
எட்டாத கிளைக்குத் தொரட்டி நீட்டுகிறவளைப்போல
அண்ணாந்து நின்றாள்.
கண்ணில் பனி விழ விழத் துடைத்துக்கொண்டாள்.

இருட்டில் அடுத்தது வந்தது.
இது எட்டு நிமிடமில்லை.
உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.
மீன்காரர் பெட்டியை என்முன் தள்ளினார்.
மண்டியிட்டு அதன்மேல் கவிழ்ந்தேன்.
உள்ளே புழுக்கள், போன வாரத்து மீன்வாடை,
மூக்கருகே பாதி கிழிந்த ஏதோ ஹாக்கி அணியின் ஒட்டுப்படம்.
உல்டிஸ் முதுகைத் தேய்த்தான், தப்பான இடத்தில்.
அவர் ரஷ்ய மொழியில் எண்ணத் தொடங்கினார்,
சத்தமாக, யாரிடமும் அனுமதி கேட்காமல்.
பள்ளியில் நான் வெறுத்த எண்கள்.
நாற்பத்தொன்றில் வலி இறங்கியது.
விளக்கும் வந்தது.

மற்றதை ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்லும்:
பெண், மூவாயிரத்து நூறு கிராம், ஒன்பது இருபது.

மூன்றாம் நாள் தாதி கேட்டாள்:
"குழந்தைக்கான கார் இருக்கை எங்கே?"
"கார் இல்லை."
"சரி, இருக்கை எங்கே?"
இரண்டு படிவம், ஒரு பெருமூச்சு.
கடைசியில் என் கோட்டுக்குள்
மார்போடு துணியால் கட்டி,
மேல் பொத்தான் மூன்றைத் திறந்துவிட்டு
வெளியே வந்தோம்.

மதிய வண்டியில் கூட்டம்.
இயந்திரத்தில் சீட்டை நான்கு தடவை ஒற்றினான் உல்டிஸ்,
இன்றைக்கு இரண்டு,
அன்று கொடுக்க மறந்த இரண்டு.
"இவளுக்கு?" என்றான்.
கைக்குழந்தைக்கு இலவசம் என்று கண்ணாடியிலேயே எழுதியிருந்தது.
படித்துவிட்டுக் கொஞ்சம் ஏமாந்துபோனான்.

பாலம்.
வளைவில் என் மூச்சு தானாக நின்றது.
கொம்புகள் பிடியை விடவில்லை.
கீழே வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள்,
ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, ஒரு முதுகு, ஒரு துளை.
கோட்டை விலக்கி
அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன்.
கண்ணைத் திறக்கவில்லை.
எது அவர் எது அவர் என்று தேடி
எங்கள் நிறுத்தத்தைத் தவறவிட்டோம்.

அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தோம்.
அவன் கால் பதித்த குழியிலேயே
கால் வைத்து வந்தேன், எண்ணிக்கொண்டு.
ஐம்பதுக்கு மேல் அந்த மொழியில்
எனக்கு எண்கள் தடுமாறின.