இடது முழங்கை

டிராவ்னிக்கில் ஜனவரி.
குழாய்த் தண்ணீர் எலும்பைத் தொடுகிறது.
உளூவுக்கு மூன்று முறை போதும்.
நேற்று நாற்பத்தொன்று.
தண்ணீர்க் கட்டணச் சீட்டை
எனெஸ் மாவு டப்பாவுக்கடியில் செருகிவிட்டுப்
பேசாமல் வேலைக்குப் போனான்.

இடது முழங்கை நனைந்ததா?
நனைந்தது.
பார்த்தாயா?
பார்த்தேன்.
பார்த்ததை நம்பலாமா?

யாஸ்னா டாக்டர் கொடுத்த பதில் ஒரே சொல்:
இருக்கலாம்.
நனைந்திருக்கலாம். நனையாமலும் இருக்கலாம்.
பச்சைப் பிளம் கடித்ததுபோல்
பல் கூசுகிறது.

மன்னிப்பவன் என்று அழைத்துக்கொண்டே
இத்தனை வருடம் அவனைக்
கணக்குப்பிள்ளையாக்கி வைத்திருந்தேன்.

குழாயை மூடினேன்.
கை மறுபடி திறந்தது.
மூடினேன்.

விரிப்பில் நிற்கிறேன்.
முழங்கையில் ஏதோ குளிர்கிறது,
ஈரமோ, ஜன்னல் காற்றோ.
இரண்டாவது ரக்அத்தில்
ஒருமுறை பார்த்துவிட்டேன்.
சட்டைக் கை மறைத்திருந்தது.
அப்படியே குனிந்தேன்.