ஃபிரிட்ஜும் பழசு

அடைமழை விட்ட மூன்றாம் நாள்
எனக்கு மூன்று தெரு ஒதுக்கினார்கள்.
பேட்டைக்கு மேற்கே, வயலைத் தூர்த்து மனை போட்ட இடம்.
அறுபத்தெட்டு வீடு. தினக்கூலி.
கையில் டார்ச், அகப்பை, ஒரு பாட்டில் அபேட்.
அடையாள அட்டையில் இசக்கித்தாய் என்று இருக்கிறது.
தெருவில் என் பெயர் கொசுக்காரி.

"கொசுக்காரி வந்துட்டா, கதவச் சாத்துட்டி"
என்று உள்ளே சொல்வது
வெளியே நிற்கிற எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.
திறந்தால் நேரே தொட்டிக்குப் போவேன்.
டார்ச் அடித்ததும் புழு அடிக்கு ஓடிவிடும்.
அசையாமல் நின்று நூறு எண்ண வேண்டும்.
மூச்சு வாங்க மேலே வரும்,
வாலை நிமிர்த்தி, தலைகீழாக.
அப்போதுதான் அகப்பை.

இந்த வருஷம் தவக்களை வேறு.
வாய்க்கால் பொங்கி வடிந்த பிறகு
செருப்புக்குள், மிக்ஸிக்குப் பின்னால்,
கக்கூஸ் கோப்பையில் மஞ்சளாய் உப்பிக்கொண்டு ஒன்று.
கஸ்பார் வாத்தியார் வீட்டில்
மூன்று நாளாய் யாரும் குளிக்கவில்லை.
"இதையும் பிடிச்சிட்டுப் போயிரேன்" என்றார்.
"இதுக்கு எங்ககிட்ட பாரம் கிடையாது சார்."
பிடித்துக்கொண்டுதான் போனேன்.
பத்து ரூபாய் தந்தார்.
அடுத்த வீட்டில் நானே இருபது கேட்டேன்.

ஜெய்னம்பு தொட்டிக்குக் குறுக்கே நிற்பாள்.
"மருந்து ஊத்தாத, தண்ணி நாறும்.
தவக்களை கெடக்குல்லா, அது கொசுவத் தின்னுரும்."
அவள் தொட்டியில் தவக்களையும் இருந்தது
புழுவும் இருந்தது.
ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை,
ஒரே காம்பவுண்டில்
பேச்சுவார்த்தை முறிந்த இரண்டு குடும்பம் மாதிரி.

இருட்டினதும் கிழக்கு வரிசையில் ஒன்று தொடங்கும்.
மேற்கில் பதில்.
பிறகு கயிறு பிடித்த மாதிரி நேர்கோட்டில், வீடுகளுக்கு அடியிலேயே
சத்தம் ஓடும்.
பழைய வரப்பு அப்படித்தான் போச்சு என்றார் பால்காரர்.
நான் அந்த வரப்பைப் பார்த்ததில்லை.
தெருவில் டிவியைக் கூட்டி வைத்தார்கள்.

கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில்
தேதி, கையெழுத்து, கடைசிக் கட்டத்தில் குறிப்பு.
'புழு உண்டு' என்று நிறைய ஏறினால்
மேலேயிருந்து போன் வரும் என்பார் சூப்பர்வைசர்.
அதனால் அகப்பையில் அள்ளிக் கொட்டிவிட்டு
'இல்லை' என்று எழுதுவோம்.
கொட்டிய பிறகு இல்லைதானே.

என் வீடு அன்னபுஷ்பத்தின் தெருவில் வருகிறது.
"நம்ம வீடுதான" என்று
வாசலோடு காப்பி குடித்துக் கையெழுத்துப் போட்டுப் போவாள்.
அவள் வீடு என் மூன்றாம் தெருவில்.
அங்கேயும் காப்பி நன்றாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சின்னவளுக்கு உடம்பு கொதித்தது.
மாத்திரை கொடுத்து ஈரத்துணி போட்டேன்.
கண் வலிக்கு என்றாள்.
கண்ணுக்குப் பின்னாலயா என்று கேட்க வாயெடுத்து
கேட்கவில்லை.
டார்ச்சை எடுத்தேன்.
எங்கள் வீட்டில் தொட்டி இல்லை.
குடத்துக்கு மூடி, வாளிக்கு மூடி,
மாடியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகூடக் கவிழ்ந்தே இருந்தது.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தேன்.
தண்ணீர் சொட்டுகிற தட்டு.
நூறு எண்ண வேண்டியிருக்கவில்லை.
எழுத்துப் பழகாத பிள்ளை
காகிதம் முழுக்கப் போட்ட கமாக்கள் மாதிரி,
அத்தனையும் துள்ளிக்கொண்டு.
தட்டுக்கு அந்தப் பக்கம், மோட்டார் சூட்டில்,
உள்ளங்கையளவு ஒரு தவக்களை.
தொண்டை மட்டும் அடித்துக்கொண்டது.
அதற்குப் பத்து ரூபாய் தர ஆளில்லை. விட்டுவிட்டேன்.

தட்டைத் தெருமண்ணில் கவிழ்த்தேன்.
முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும்,
நார் போட்டு விரல் எரியும்வரை தேய்த்தேன்.
பிறகு அட்டையில்
அன்னபுஷ்பத்தின் கையெழுத்துக்குக் கீழே
தேதி போட்டு
'புழு உண்டு' என்று எழுதினேன்.
மேலேயிருந்து போன் வரட்டும்.

விடிந்ததும் சின்னவளை
ஹைகிரவுண்டுக்கு ரத்தம் பார்க்கக் கூட்டிப்போகணும்.
அதற்கு முன்னால், இந்த இருட்டோடேயே,
அன்னபுஷ்பத்தின் வீடு வரை ஒரு நடை.
அவளுக்கும் கைப்பிள்ளை இருக்கிறது.
ஃபிரிட்ஜும் பழசு.