கடற்களிமண்

அறிவான பெண்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்
என்றார் குணசீலன்,
மீ கோரிங் கடையில்
காரம் வேண்டாம், தக்காளிச் சாறு கூடப் போடுங்கள்
என்று சொல்லிவிட்டு வந்த அதே மூச்சில்.

ஓல்ட் ஏர்போர்ட் சாலை உணவங்காடி,
ஞாயிறு இரவு, மேசை இன்னும் ஈரம்.
கீழே ரயில் ஓடுதே, பாறையைக் குடைஞ்சிருப்பாங்க இல்ல?
இல்லை, என்றேன், இந்தப் பக்கம் களிமண்.
கடற்களிமண். தயிர் மாதிரி இருக்கும்.
கவனிக்காமல் தோண்டினால்
பக்கச்சுவர் மெல்ல உள்ளே நடந்து வரும்.

ஓ, என்றார்.
மண்ணில் குழாய் இறக்கி
நீர்மட்டம் பார்ப்பது என் தொழில்.
அந்த ஓ-வுக்கு அடியில் எத்தனை மீட்டர்
காலி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை செய்தி:
நீங்கள் நல்லவர், ஆனால்.
ஆனாலுக்குப் பிறகு
ஒரு மஞ்சள் பூ.

உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிறே,
என்றாள் வசுந்தரா அக்கா.
அவள் சொன்னது எத்தனை பொருத்தம் என்று
அவளுக்கே தெரியாது.

அதனால் தினகரனிடம் நான் எதையும் திருத்தவில்லை.
சுரங்கம் தோண்டும் இயந்திரம் எப்படி நகரும் தெரியுமா?
தெரியாதே, என்றேன்.
கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன், அது கூடுதல்.
நாற்பது நிமிடம்
நான் கையெழுத்திட்ட இயந்திரத்தை
எனக்கே தப்பாக ஓட்டிக் காட்டினார்.
எவ்வளவு அழகாக இருந்தார் அப்போது!
பொத்தோங் பாசிர் வருவதற்குள் குறுஞ்செய்தி:
உங்களோடு பேசியது மனசுக்கு நிறைவு.

நான் பேசவே இல்லை.

உயர்நிலை இரண்டில் கணக்காசிரியர்
பையன்களைப் பார்த்துக் கத்துவார்:
தலையில என்ன, களிமண்ணா?
களிமண்ணை அவர் கையால் தொட்டதில்லை போல.
முன்னொரு காலம் தன்மேல் ஏறிய பெரும்பாரத்தை
அது மறப்பதில்லை.
அதைவிட லேசான எதை வைத்தாலும்
அசையாது, இது பழசு என்கிற மாதிரி.
கூட ஒரு பிடி வைத்துப் பாருங்கள்,
இறங்கத் தொடங்கும்.

இதைத்தான் ரவீந்திரனிடம் சொன்னேன்,
பெண்டமியர் பக்கம் ஒரு கோப்பிக்கடையில்.
மின்தூக்கி பழுதுபார்ப்பவர். நகக்கண்ணில் கிரீஸ்.
சொல்லக்கூடாது என்றுதான் போனேன்;
அவராகக் கேட்டார்.
கேட்டு முடித்துத் தே ஓ கோசோங்கை ஒரு வாய் குடித்து,
புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, என்றார்.

எனக்குள் முதலில் வந்தது எது என்று
எழுதத்தான் வேண்டும்:
இதுகூடப் புரியவில்லையா?

மறுபடி சொன்னேன். மெதுவாக.
சீனிப் பொட்டலத்தைச் சுமையாக வைத்து,
ரொட்டித் துண்டை மண்ணாக வைத்து,
ஒவ்வொரு சொல்லாக.
பாதியில் என் குரல் எனக்குக் கேட்டது.
நாற்பது நிமிடக் குரல்.
அசல் தினகரன்.
அவர் கன்னத்தில் கை வைத்திருக்கிறாரா என்று
திடுக்கிட்டுப் பார்த்தேன்.

இல்லை. ரொட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சுமையை எடுத்துட்டா பழைய உயரத்துக்கு வந்துடுமா?
கொஞ்சம் வரும். முழுசா வராது.
எங்க மின்தூக்கிக் கம்பியும் அப்படித்தான்,
ஒருமுறை இழுபட்டா, என்றார்.
அது எனக்குத் தெரியாத செய்தி.
சரியா என்று இன்னும் பார்க்கவில்லை.

அறிவுள்ள பெண்ணைப் பிடிக்குமா என்பதை
அவர் சொல்லவில்லை.
அறிவுள்ள ஆணை உனக்குப் பிடிக்குமா என்று
இத்தனை வருடத்தில்
அக்கா உட்பட யாரும் என்னைக் கேட்டதில்லை,
கேட்டிருந்தால் பெருமையாக ஆமாம் என்றிருப்பேன்.

தட்டை எடுத்துப்போய் அடுக்கில் வைத்துவிட்டு வந்து கேட்டார்:
ஆமா, இவ்வளவு இருக்கப்போ
உங்களுக்கு ஏன் மண்ணைப் பிடிச்சுது?

தெரியலை, என்றேன்.
தினகரனிடம் சொன்ன அதே சொல்தான்.

வெளியே மழை பிடித்திருந்தது.
என் பேருந்து வந்தது, போனது.