அரை ஆழம்

கோத்தகிரி வர்க்கி பேக்கரியில் ஒரு நாளைக்கு
நானூறு பெட்டி மடிக்கிறவள் நான்.
அந்த அட்டையில் கோடு முன்பே விழுந்திருக்கும்,
எந்த ஊர் மிஷினோ போட்டது.
விரல் சும்மா பின்னால் போகும்.

இன்று கோடு நான் போட வேண்டும்.

ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாஷிங்மெஷின் வந்த அட்டை.
ஆடி மாத ஈரம் குடித்திருந்தது,
தட்டினால் தொப்பென்றது.
அடுப்புக்கு மேல் கொடியில், ஸ்வெட்டர்களோடு
மூன்று ராத்திரி காய்ந்தது.
புகை வாசம் போகவில்லை. இருக்கட்டும்,
கலெக்டர் ஆபீஸில் யார் மோந்து பார்க்கப் போகிறார்கள்.

இரும்பு ஸ்கேல், ரொட்டிக் கத்தி, மைதாப் பசை,
மை தீர்ந்த பேனா ஒன்று.

மையில்லாத பேனாவை அழுத்தி இழுத்தால்
எழுத்து விழாது, பள்ளம் விழும்.
அந்தப் பள்ளத்தில்தான் அட்டை மடிய ஒப்புக்கொள்ளும்.
உள்ளே ஓடும் நெளியின் போக்கில் இழுத்தால் சமத்து.
குறுக்கே என்றால் முரண்டு பிடிக்கும்,
அப்போது கத்தி முனையால் அரை ஆழம்.
அரை ஆழம் கீறினால் மடியும்.
முழு ஆழம் போனால் பிரியும்.
இரண்டுக்கும் நடுவே
மணிக்கட்டு ஒரு மூச்சு பிடித்துக்கொள்கிறது.

முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு;
ஒரே அட்டை படிபடியாக இறங்கி மலையானது.
அடியில் ஓடை.
அதற்கு மேல் எங்கள் லைன், பதினொரு தீப்பெட்டி.
மகேந்திரனுக்கு மட்டும் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று,
மாடி எடுத்திருக்கிறான், விடமாட்டான்.
அதற்கும் மேல் தேயிலை.
உச்சியில் ரிசார்ட்டுக்குப் போட்ட ரோடு.

மனுவில் இதெல்லாம் எழுதியாயிற்று, நாலு தரம்.
வெடிப்பு, ஊற்று, தடுப்புச்சுவர்.
மையுள்ள பேனா
அவ்வளவுதான் செய்யும் போல.

ரோட்டை எப்படிக் காட்டுவது?
கத்தியை எடுத்தேன்.
ஜேசிபி வந்த அன்று போலவே
ஒரே இழுப்பு.
நெளி முழுக்க அறுந்துபோனது.

தேயிலைத் தட்டு
நான் தொடாமலே
மெதுவாகக் குனிந்து
தீப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த தவமலர்
ஆற்றுவதை நிறுத்தினாள்.
"பசை போட்டு ஒட்டுடி."
ஒட்டவில்லை.
கையால் தூக்கி நிறுத்திப் பார்த்தேன்.
கை வைத்திருக்கும்வரை நின்றது.

திங்கட்கிழமை முதல் பஸ்.
மடியில் மலை, மலையில் என் உள்ளங்கை.
கட்டபெட்டு தாண்டி ஒவ்வொரு வளைவிலும்
இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன்.
லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று
கண்டக்டர் குனிந்து பார்க்கிறார்:
"உடைஞ்சிருக்கேம்மா?"

இன்னும் இல்ல.