மஞ்சள் முக்கோணம்

இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது
கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது.
என்னைக் கேட்கவில்லை.
நீலத் திரையில் ஒரு வட்டம்;
மீ கோரெங் பொட்டலம் பிரித்துத் தின்று முடித்து
ரப்பர் பேண்டைக் கதவுப்பிடியில் மாட்டும்வரை
சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு பார்த்தால் எல்லாம் புதுமாப்பிள்ளைக் களை.
சன்னல்களுக்கெல்லாம் மூலை மழித்திருந்தார்கள்.
கன்ட்ரோலர் மட்டும் பிணம்.

செருகினேன். பிடுங்கினேன். பின்பக்கத் துளையில் செருகினேன்.
ஊதிவிட்டுச் செருகினேன்,
ஊதுவதால் ஒன்றும் ஆகாதென்று தெரிந்தே.
சாதனங்களின் பட்டியலில்
பிரிண்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில்
ஒரு மஞ்சள் முக்கோணம், வயிற்றில் ஆச்சரியக்குறி.
அடையாளம் தெரியாத சாதனம்.

எனக்கு அந்த முக்கோணத்தை நன்றாகவே அடையாளம் தெரியும்.
ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
செம்பனைக் குலை ஏறும் கன்வேயர் பக்கத்தில்
மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள்.
எண்ணெய்ப் பிசுக்கில் தமிழ் மட்டும் அழிந்துபோயிருந்தது.
மலாய் எனக்குச் சரளமாக வாசிக்க வரும்.
வாசிக்கிற நேரமா அது.

இடதுகை ஆள்காட்டி விரல், நடுவிரல்.
சொக்சோ பணத்தில் மோட்டார் கடன் போக
மிஞ்சியது இந்தக் கணினி.
'விரலைக் கொடுத்து விளையாட்டுச் சாமானா?'
சுகுணவதி கேட்டது ஒரே ஒரு தடவை.

மூன்று மாதம், ராத்திரி ராத்திரியாக,
ஒவ்வொரு பொத்தானாக இடம் மாற்றினேன்.
இடப்பக்க மேல்பொத்தானை இறக்கி
முதுகுப் பக்கம் வைத்தேன், மோதிரவிரல் படுகிற இடத்தில்.
அதற்கென்றே ஒரு சின்ன டிரைவர்,
எவனோ எழுதிச் சும்மா கொடுத்தது.
போலந்தோ எங்கோ. பேர் தெரியாது.
அவனுக்கும் விரல் குறைவோ என்னவோ.

ஆ ஃபோங் கடையில் ஐந்து நிமிடத்தில்
கன்ட்ரோலருக்கு உயிர் வந்தது. பத்து வெள்ளி.
உயிர் வந்தது, என் கை வரவில்லை.
புதுப் பதிப்பு எனக்குப் பத்து விரல் என்று நம்புகிறது.

அந்த வாரம் ஹபிசுதீனிடம் ஏழு கோல் வாங்கினேன்.
சித்தியவானிலிருந்து ஹெட்போனுக்குள் சிரித்தான்.
'டிரைவர் கோளாறு' என்றேன்.
'எந்த லோரி?' என்றான்.

பழைய பதிப்பு ஒரு கோப்புறையில் கிடக்கும்,
பத்து நாளில் தானே அழிந்துவிடும் என்று படித்தபோது
ஒன்பதாம் நாள் சாயங்காலம். வெளியே
குலை லோரிகள் வரிசையாய் மழையில் நனைந்து நின்றன.
தோண்டி எடுத்தேன். நிறுவினேன். மறுத்தது:
இந்த டிரைவரில் கையொப்பம் இல்லை.

நான் பிறவி இடதுகைக்காரன்.
வலதுகையால் போட்ட கையெழுத்து
பழைய பாரத்தில் உள்ளதைப்போல் இல்லையென்று
கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்
தாளைத் திருப்பி நீட்டினாள், மரியாதையாகத்தான்.
மூன்று தடவை போனேன் தெலுக் இந்தானுக்கு.

இது பரவாயில்லை.
மறுதொடக்கம், கறுப்புப் பட்டியல், ஏழாவது வரி:
கையொப்பச் சோதனையை நிறுத்து.
ஆபத்து என்றது.
இருக்கட்டும் என்றேன்.

சோதனைத் திரையில் மோதிரவிரலை அழுத்த
இடப்பக்க மேல்பொத்தான் பச்சையாய் நிரம்பியது.
கூப்பிட்டுக் காட்டினேன்.
சுகுணவதி துணி மடித்தபடியே பார்த்தாள்.
'இன்னொரு வாட்டி அழுத்து' என்றாள்.

ராத்திரி ஹபிசுதீன் காத்திருந்தான்.
கை நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போனது.
நாலுக்கு ஒன்று.
நாலு அவனுக்கு.
சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை.