மின்கட்டணச் சீட்டின் பின்புறம்

கோடு போட்டது டெல்மோ.
இடப்பக்கம் மசமா, வலப்பக்கம் பரெய்ரு.
வாடகை, பயண நிமிடம், பள்ளி, குழந்தை மருத்துவர்
என்று வரிசை இறங்கி
சீட்டின் மடிப்பில் முட்டி நின்றது.

அக்டோபருக்குள் காலி செய்ய வேண்டும்.
லிஸ்பனில் நாங்கள் இருக்கும் இரண்டு அறைகளில்
இனி மூன்று இரவுக்காரர்கள் தங்குவார்கள்,
சக்கரம் வைத்த பெட்டிகளோடு.
வீட்டுக்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார்.
வருத்தத்தை வைத்துக்கொண்டு எங்கே முன்பணம் கட்டுவது?

சனிக்கிழமை மசமா.
ரயிலை விட்டு இறங்கினால் ஒன்பது மாடி, ஒன்பது மாடி,
மறுபடி ஒன்பது மாடி.
எல்லாப் பால்கனிக்கும் கண்ணாடி அடைத்திருந்தார்கள்.
தரகர் பெண் எங்களை நிறுத்திய ஜன்னலில்
சொல்லிவைத்தாற்போல் வந்து விழுந்தது வெயில்.
"பதினொரு மணிக்கு மட்டும்தான் காட்டுவீர்களா?" என்றேன்.
சிரித்துக்கொண்டே சமையலறைக் குழாயைத் திறந்தாள்.
தண்ணீர் நன்றாக வந்தது.
அது உண்மை. எழுதிக்கொண்டோம்.

நான் பல் செய்கிறவள்.
யார் யார் வாய்க்கோ பீங்கானில் கடைவாய்ப் பற்கள்.
மயிரிழை உயர்ந்தாலும் வாய் மூடாது,
தலைவலி வந்து சேரும்.
அதனால் அளவுகள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.
ஆனால் அளந்து முடித்த பல்லையும்
யாராவது கடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

செவ்வாய் இரவு பத்தரைக்கு
யாரிடமும் சொல்லாமல் மசமாவுக்குத் திரும்பப் போனேன்,
ஆறு மாத வயிற்றோடு.
மருந்துக்கடை வாசலில் ஒருவன் நாயிடம் ஏதோ கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருந்தான்.
மூன்றாம் மாடியில் சண்டை,
கொஞ்ச நேரம் கழித்து அதே வீட்டில் மிக்ஸி ஓடியது.
பயமாக இல்லை.
பிடித்தது என்றும் சொல்ல முடியாது, பிடிக்கவில்லை என்றும்.
அதற்குச் சீட்டில் கட்டம் இல்லை.

பரெய்ருவுக்கு ஞாயிறன்று,
படகில், லோரென்சுவையும் கூட்டிக்கொண்டு.
அக்கரை என்றால் பச்சை என்பார்கள்.
இந்த அக்கரை துரு நிறம்.
மூடிப்போன ரசாயன ஆலை,
சுவர் வெடிப்பில் மஞ்சளாய்ப் பூத்த களை,
சேற்றில் தன் பாட்டுக்கு நடந்த இரண்டு கொக்கு.
வீடு பழசு.
படுக்கையறை மூலையில் ஈரம் பரவியிருந்தது.
"பிரேசில் வரைபடம்" என்றான் டெல்மோ.
"சிலி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்,
வாடகை கேட்பதற்கு முன்பு.

கீழ்வீட்டு சுல்மீரா படியில் உட்கார்ந்து
மத்தி மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.
கேட்காமலே சொன்னாள்:
"மூடுபனி இறங்கினால் படகு ஓடாது.
குளிர்காலத்தில் நாலைந்து நாள், உறுதி.
பாலத்தைச் சுற்றிப் பேருந்தில் போக வேண்டும்,
போய்ச் சேர்வதற்குள் முதலாளி கத்தி முடித்திருப்பான்.
மேல்வீட்டுக் குழாய் வேறு நள்ளிரவில் ஊளையிடும்."
பிறகு கத்தியைத் துடைத்தாள்.
ஊரைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வாரத்தில் எங்களிடம்
எதையும் விற்காமல் பேசிய முதல் ஆள்.

திரும்பும்போது, படகில் ஏறும் பலகையில்
லோரென்சுவின் இடது செருப்பு நழுவி ஆற்றில் விழுந்தது.
கொஞ்ச தூரம் மிதந்தது,
பிறகு மனம் மாறியதுபோல்
பரெய்ரு கரைப்பக்கமே ஒதுங்கியது.
அவன் அழவில்லை. கேட்டான்:
"அது இனிமேல் எப்படி வீட்டுக்கு வரும்?"
எந்த வீட்டுக்கு என்று
நாங்கள் இருவரும் வாய்வரை வந்ததை விழுங்கினோம்.

இரவு கூட்டிப் பார்த்தோம்.
மசமா ஆறு, பரெய்ரு நான்கு.
விமான நிலையச் சமையலறைக்கு அவன் ஐந்து மணிக்குப் போக வேண்டும்,
அந்த வரிக்கு மட்டும் இரண்டு மதிப்பெண்.
மூடுபனிக்குக் கழித்தோம். ஈரத்துக்குக் கழித்தோம்.
டெல்மோ பேனாவைக் கடித்தபடி இருந்தான்.
பிறகு எல்லாவற்றுக்கும் கீழே,
மடிப்பைத் தாண்டி, புதிதாக ஒரு வரி எழுதினான்: செருப்பு.
வலப்பக்கம் ஒன்று.
"அப்படியும் ஐந்துதான்" என்றேன்.
"தெரியும்" என்றான்,
தரகரின் எண்ணைத் தேடிக்கொண்டே. எந்தத் தரகர் என்று
நான் கேட்கவில்லை.

சீட்டைத் திருப்பினேன்.
பணம் கட்டக் கடைசி நாள், நேற்று.